கவலைப்பட்டா மூட்டு வீங்குமா டாக்டர்?

கேள்வி: எனக்கு 44 வயசு, பாலக்கோடு பக்கம். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்ங்கற முடக்கு வாதம், வாரம் ஒரு தடவ மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடறேன். தக்காளி வெல விழுந்து கடன் கவலை வந்தாலே விரலெல்லாம் வீங்கிடுது, களி கிண்ட துடுப்பு புடிக்க முடியல. வீட்ல "எல்லாம் உன் மனசு"ங்கறாங்க. வேகஸ் நரம்ப தூண்டிவிட்டா மாத்திரையே வேணாம்னு வீடியோல சொல்றாங்களே, நெசமா?

பதில்: அம்மா, வீக்கம் மனசுல இல்ல, மூட்டுல தான் இருக்கு, இத வீட்ல எல்லாருக்கும் படிச்சு காட்டுங்க. ஆனா கவலைக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு நீங்க கவனிச்சது சரி தான். கவலை ரொம்ப நாள் நீடிச்சா, வீக்கத்த அடக்கற கார்ட்டிசோல்ங்கற ஹார்மோன் சுரந்தாலும் எதிர்ப்பு செல்லுங்க அது பேச்ச சரியா கேக்கறதில்ல, தூக்கமும் கெட்டா இன்னும் மோசம்.

வேகஸ் நரம்பு மூளைக்கு அடியில கிளம்பி கழுத்து வழியா இதயம், நுரையீரல், குடல்னு எறங்குது. உள்ள எங்கயாவது அழற்சி, அதாவது வீக்கம் வந்தா மூளைக்கு தகவல் சொல்றதும் இது தான், மூளையிலிருந்து "போதும்"ங்கற உத்தரவு வர்றதும் இது வழியா தான். அந்த உத்தரவு மண்ணீரலுக்கு போற நரம்புக்கு மாறி, அங்க இருக்கற டி செல்லுங்கற எதிர்ப்பு செல்லுங்க அசிட்டைல்கோலின்ங்கற ரசாயனத்த சுரக்குது, அதனால டிஎன்எஃப்ங்கற அழற்சி பொருள் குறையுது. உங்க வியாதிக்கு போடற விலை அதிகமான ஊசிங்க பல, இதே டிஎன்எஃப்ப தடுக்கறது தான்! 2000-ல அமெரிக்காவுல கெவின் ட்ரேசிங்கற ஆராய்ச்சியாளரோட குழு எலிங்ககிட்ட இத காட்டினாங்க, 2025-ல தான் ருமட்டாய்டுக்கு, வேகஸ் நரம்ப தூண்ட கழுத்துல ஆபரேஷன் பண்ணி வைக்கற ஒரு கருவிக்கு அங்க அனுமதி கிடைச்சுது, அதுவும் பெரிய மருந்துங்க கேக்காதவங்களுக்கு.

வீடியோக்காரங்க இதுல பாதிய புடிச்சுக்கிட்டு மூஞ்சில ஜில் தண்ணி அடிச்சா போதும்ங்கறாங்க. மூஞ்சில ஜில் தண்ணி பட்டா இதயத்துடிப்பு கொஞ்சம் குறையும், அவ்ளோ தான், மூட்டு அரிச்சு தேயறத அது நிறுத்தும்னு ஆதாரம் இல்ல. மெதுவா மூச்சு விடறது, நேரத்துக்கு தூங்கறது நல்லது, மாத்திரையோட சேத்து செய்ங்க, மாத்திரைக்கு பதிலா வேணாம்.

வீக்கம் அடிக்கடி வருதுன்னா மருந்து பத்தலன்னு கூட அர்த்தம், அழற்சி எவ்ளோன்னு காட்டற சிஆர்பி, ஈஎஸ்ஆர் ரத்த டெஸ்ட் பாத்துட்டு உங்க டாக்டர் டோஸ் மாத்துவாரு. நீங்களா மாத்தாதீங்க, முக்கியமா வாரத்துக்கு ஒரு நாள் போடறத வலி தாங்கலன்னு தினமும் போட்டுடாதீங்க, உயிருக்கே ஆபத்து. வாயில புண்ணு, காய்ச்சல், வறட்டு இருமலோட மூச்சு வாங்கல்னு வந்தா அடுத்த மாத்திரைய போடாம அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க.