புதிய அலுவலகத்தில் புரியாத சொற்கள்

கேள்வி: பல ஆண்டுகள் கணக்குப் பிரிவில் பணியாற்றிய நான், அண்மையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். கூட்டங்களில் புழங்கும் ஸ்பிரிண்ட், பேக்லாக் போன்ற சொற்கள் புரியவில்லை. கேட்டால் திறமையற்றவள் என்று எண்ணிவிடுவார்களோ என்ற தயக்கமும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: தயங்காமல் கேளுங்கள். சேர்ந்த முதல் சில வாரங்களில் எழும் கேள்விகளைப் பெரும்பாலும் எவரும் குறையாகக் கருதுவதில்லை. மாதங்கள் கடந்தபின் அதே கேள்வியைக் கேட்பதுதான் கடினம். ஸ்பிரிண்ட் என்பது ஒரு மாதத்துக்கு மிகாமல் முன்கூட்டியே வரையறுத்த வேலைக்காலம். பேக்லாக் என்பது இனிச் செய்யவேண்டியவற்றை முன்னுரிமைப்படி அடுக்கிய பட்டியல். இவை முற்றிலும் புதியவை என்பதால் விரைவில் பழகிவிடும். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்களிடம்தான் அதிகக் கவனம் தேவை என்பது என் கருத்து. கணக்கியலில் ப்ரொவிஷன் என்றால் வரக்கூடிய செலவுக்காக ஒதுக்கிவைக்கும் தொகை. மென்பொருள் துறையிலோ ப்ரொவிஷனிங் என்பது சர்வர், பயனர் கணக்கு முதலியவற்றை ஏற்படுத்தித் தருவதாகும். ஆகவே, கேட்ட சொல்லை அது வந்த முழு வாக்கியத்தோடு குறித்துக்கொண்டு, கூட்டம் முடிந்ததும் சக ஊழியர் ஒருவரிடம், "நான் இப்படிப் புரிந்துகொண்டேன், சரிதானா?" என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். நிறுவனம் தனக்கென உருவாக்கிய சுருக்கப் பெயர்கள் அகராதிகளில் கிடைக்கமாட்டா. அவற்றுக்குப் பழைய திட்ட ஆவணங்களைப் படியுங்கள்.