இடுப்பு எலும்பு முறிவு: முழு மயக்கமா, முதுகு ஊசியா?

வணக்கம் ஐயா. 78 வயதான தங்கள் தாயாருக்கு இடுப்பு எலும்பு முறிவு அறுவை சிகிச்சையை முழு மயக்கத்தில் செய்யப்போவதாக மருத்துவர் கூறியதால், நினைவு தடுமாறிவிடுமோ, முதுகில் ஊசி போட்டே செய்யும்படி வற்புறுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். இந்த அச்சம் வெகுகாலம் மருத்துவர்களிடமும் இருந்ததுதான். ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,600 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி நடத்தி, 2021-இல் வெளியிட்ட ரீகெயின் ஆய்வில், 60 நாட்களில் இறந்தோ பிறர் உதவியின்றி நடக்க இயலாமலோ போனவர்கள் முதுகு ஊசிப் பிரிவில் 18.5 சதவீதம், முழு மயக்கப் பிரிவில் 18.0 சதவீதம். மனக்குழப்பமும் இரண்டிலும் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு வந்தது. சீனாவில் 950 முதியவர்களிடம் நடந்த ஆய்விலும் மனக்குழப்பத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

எனவே வற்புறுத்த வேண்டாம் என்பதே என் கருத்து. அம்மா குளோபிடோக்ரெல் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை உட்கொள்பவரானால், முதுகு ஊசிக்காக அதை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் நாட்கள்தான் அதிகக் கெடுதல்.

நீங்கள் இன்றே கேட்க வேண்டியது வேறு. அல்ட்ராசவுண்ட் பார்த்துக் கவட்டைப் பகுதியில் மரப்பு மருந்து செலுத்தினால், படுக்கையில் புரட்டும்போதே துடிக்கவைக்கும் வலி வெகுவாகக் குறையும். மார்ஃபின் வகை மருந்துகளின் தேவையும் குறையும். தீராத வலியே முதியவர்களின் மனக்குழப்பத்துக்கு ஒரு முக்கியக் காரணம். அறுவை முடிந்து கண் விழித்ததும் அவருடைய மூக்குக் கண்ணாடியையும், இருந்தால் காதுக் கருவியையும் உடனே அணிவித்துவிடுங்கள்.