செயலிப் பதிவை மருத்துவர் பார்க்க மறுத்தால்

அப்பாவின் ரத்தச் சர்க்கரை அளவைச் செயலியில் பதிந்து வருகிறீர்கள், மருத்துவரோ அதைப் பார்க்க மறுக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். கைபேசியை நீட்டாதீர்கள், கடைசி இரண்டு வாரச் சர்க்கரை அளவுகளை வெறும் வயிறு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, விடுபட்ட மாத்திரை என்று ஒரே தாளில் எழுதி, மன்னார்குடி மருத்துவரிடம் அப்பாவையே கொடுக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பதுபோல மருத்துவர் செயலிகளையே வெறுப்பவர் என்று எனக்குத் தோன்றவில்லை. வெளியே வரிசை நீளும்போது திரையைத் தள்ளித் தள்ளி வரைபடம் பார்க்க நேரமிருக்காது. அதைவிட, வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவியின் அளவை அவர் நம்பாமலும் இருக்கலாம். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை முடிவு கையில் இருந்தால் அதைத்தான் பார்ப்பார். ஆனால் குறுவை நடவின்போது அப்பா வயலிலேயே இருந்துவிட்டு மதிய மாத்திரையைத் தவறவிடுவது அந்தச் சராசரியில் தனியாகத் தெரியாது, உங்கள் பதிவில்தான் தெரியும் என்பதால், தாளின் முதல் வரியில் அதையே எழுதுங்கள்.

அடுத்த முறை ஆய்வகத்தில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கும் அதே நேரத்தில் வீட்டுக் கருவியிலும் சோதியுங்கள். ஆய்வக அளவு 100க்கு மேல் இருந்தால், 15 சதவீத வித்தியாசம் வரை ஏற்கலாம். அதை மீறினால் சோதனைப் பட்டையின் காலாவதித் தேதியை முதலில் பாருங்கள்.

செயலி காட்டுவதை வைத்து மாத்திரையையோ இன்சுலினையோ நீங்களாக மாற்ற வேண்டாம். அளவு 70க்குக் கீழே இறங்கினால் உடனே சர்க்கரை கொடுத்துவிட்டு, அன்றே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.