மாயவரத்துக்கு பஸ் இருக்கிறது

கேள்வி: நட்பெல்லாம் பள்ளி, கல்லூரியோடு சரி. முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். ஆபீஸ் நண்பர் ஒருவர்கூட போன் செய்வதில்லை. பையன் கல்யாணத்துக்கு வராத மாயவரத்து கிளாஸ்மேட்டோடு பதினோரு வருடமாகப் பேச்சே இல்லை. இந்த வயதில் குடும்பம் போதாதா? – ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: போதாது.

முதலில் ஒரு சந்தேகம். ஆபீஸ்காரர்கள் போன் செய்யவில்லை என்கிறீர்கள். நீங்கள் எத்தனை பேருக்குச் செய்தீர்கள்? அதைக் கடிதத்தில் காணோம்.

குடும்பம் பெரிய பலம்தான். ஆனால் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று சொன்னால் மகள் அழுவாள். சீட்டில் பணம் போட்டு ஏமாந்ததைச் சொன்னால் மகன் திட்டுவான். மனைவியைப் பற்றிப் புலம்ப மனைவியிடமே போக முடியுமா? 'டேய், உனக்கு அன்னிக்கே புத்தி கிடையாதுடா' என்று சிரித்துவிட்டு டீ சொல்ல வேறு ஆள் வேண்டும். பேரன் பேத்தி எடுத்த மனிதரை 'டேய்' என்று கூப்பிட ஊரில் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்?

பெரியாரையும் ராஜாஜியையும் பாருங்கள். 1910-களின் கடைசியில் ஒருவர் ஈரோடு நகராட்சித் தலைவர், மற்றவர் சேலம் நகராட்சித் தலைவர். பெரியார் காங்கிரசுக்கு வந்ததில் ராஜாஜிக்குப் பெரிய பங்கு உண்டு. அப்புறம் பாதை பிரிந்தது. 1938-ல் இந்தி எதிர்ப்புக்காகப் பெரியார் சிறை போனது ராஜாஜியின் ஆட்சியில். ராஜாஜி 1953-ல் கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் 'குலக்கல்வி' என்று எதிர்த்து நின்றவர் பெரியார். கல்யாணத்துக்கு வராததைவிட இது கொஞ்சம் பெரிய தகராறு, இல்லையா?

ஆனால் இரண்டுக்கும் நடுவே, 1949-ல், தன் சொந்த வாழ்க்கையில் பெரிய முடிவு ஒன்றை எடுக்கும் முன் பெரியார் திருவண்ணாமலையில் போய்ப் பார்த்தது ராஜாஜியைத்தான். அப்போது அவர் கவர்னர் ஜெனரல். 1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி 94 வயதில் காலமானார். 93 வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் மயானத்துக்கு வந்து அழுதார். அவருக்கு ஆள் பஞ்சமா? தமிழ்நாடு முழுக்கத் தொண்டர்கள். ஆனால் ஈரோட்டு ராமசாமி நாயக்கராக மட்டும் அவரைப் பார்த்துப் பழகி, சமமாக உட்கார்ந்து எதிர்த்துப் பேசியவர்களில் எத்தனை பேர் மிச்சம்?

ஆராய்ச்சி கேட்பவர்களுக்கு: ஹார்வர்டில் 1938-ல் 724 ஆண்களோடு தொடங்கிய ஆய்வு இன்னும் நடக்கிறது. முதுமையில் உடம்பும் மனசும் நன்றாக இருப்பதற்கும் மனிதர்களோடு உள்ள நெருக்கத்துக்கும் தொடர்பு உண்டு என்று அது திரும்பத் திரும்பச் சொல்கிறது. குடும்பமும் அதில் சேர்த்திதான், மறுக்கவில்லை.

ஆபீஸ் ஆட்களை விடுங்கள். அவர்களில் பாதிப் பேர் நாற்காலிக்கு நண்பர்கள். ஆனால் பதினோரு வருடக் கணக்கைப் பிசகாமல் வைத்திருக்கிறீர்களே, மறந்துபோனவரைப் பற்றி யாரும் இப்படிக் கணக்கு வைக்க மாட்டார்கள். கும்பகோணத்திலிருந்து மாயவரம் பஸ்ஸில் ஒரு மணி நேரம், கூடக் குறைய. போன் செய்துவிட்டுப் போகாதீர்கள், அதிலேயே சண்டை வந்துவிடும். கொஞ்சம் வெற்றிலை வாங்கிக்கொண்டு நேராகப் போய்க் கதவைத் தட்டுங்கள். கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்பதை இரண்டாவது காபிக்கு அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.