தோலோடு வேகட்டும், சூட்டோடு உரியுங்கள்

கேள்வி: இடியாப்பத்துக்குத் தொட்டுக்கொள்ள, கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் பிசைந்து புளித்தண்ணீர் சேர்க்கிற கோசமல்லி செய்யும்போது உருளைக்கிழங்கைத் தோல் சீவி, நாலாக நறுக்கித்தான் வேகப் போடுவேன். சீக்கிரம் வெந்துவிடும், கையும் சுடாது. என் மாமியார் அதைப் பார்க்கும்போதெல்லாம் "முழுசாப் போடு ஆத்தா, தண்ணியாப் போயிரும்" என்கிறார். கல்லூரியில் படிக்கும் மகளோ, சத்தெல்லாம் தோலில்தான் இருக்கிறது, உரிக்காமல் அப்படியே மசித்தால் என்ன என்று கேட்கிறாள். மூவரில் யார் சொல்வது சரி?
— ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: மாமியார் சொல்வதுதான் சரி ஆச்சி. நறுக்கிய கிழங்கு கொதிக்கிற தண்ணீரில் கிடக்கும்போது வெட்டுப்பட்ட பக்கமெல்லாம் மாவு கரைந்து வெளியே வருகிறது, தண்ணீர் உள்ளே போகிறது. வெந்ததும் அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள், கஞ்சித்தண்ணி மாதிரி கலங்கியிருக்கும். அதெல்லாம் கிழங்கிலிருந்து போனதுதான். வைட்டமின் சி, பொட்டாசியம் இரண்டும் தண்ணீரில் கரைகிறவை என்பதால் அவற்றிலும் ஒரு பங்கு கூடவே போய்விடும், அதைத்தான் நாம் தொட்டியில் கொட்டிவிடுகிறோம். தோல் மூடியிருந்தால் இந்த இழப்பு வெகுவாகக் குறையும், கிழங்கும் தண்ணீர் குடிக்காமல் மாவாகவே வேகும்.

வேறு எதற்கு இல்லாவிட்டாலும் கோசமல்லிக்கு இது முக்கியம், ஏனென்றால் அதில் ஏற்கெனவே புளித்தண்ணீர் இருக்கிறது, கத்தரிக்காயிலும் நீர் உண்டு, இரண்டையும் சேர்த்துப் பிடித்து நிறுத்துவது அந்த ஒரு கிழங்குதான். அதுவே தண்ணியாக இருந்தால் தட்டில் ஊற்றியதும் புளித்தண்ணீர் ஒரு பக்கம் ஓடி, இடியாப்பம் நனைந்து கூழாகிவிடும்.

மகள் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. நார்ச்சத்து தோலில் கூடுதல்தான். ஆனால் சத்தெல்லாம் தோலில் என்பது தவறு, தோல் எடையில் எவ்வளவு கொஞ்சம் என்று யோசித்துப் பார்க்கச் சொல்லுங்கள், வைட்டமின் சியும் பொட்டாசியமும் பெரும்பாலும் உள்ளே சதையில்தான் இருக்கின்றன. தோலோடு மசித்தால் அது மசியவும் மசியாது, சுருண்டு சுருண்டு பல்லில் மாட்டும். கோசமல்லிக்குக் கத்தரிக்காயின் தோலையே உரித்துவிட்டுத்தானே பிசைகிறோம்?

கை சுடும் என்பதுதான் உங்கள் உண்மையான கஷ்டம் என்று நினைக்கிறேன், அதற்கு வழி சொல்கிறேன். கழுவிய கிழங்கின் நடுவில் கத்தியால் தோல் மட்டும் கீறுகிற ஆழத்துக்கு ஒரு சுற்றுக் கோடு போட்டுவிட்டு வேகவையுங்கள். வெந்ததும் ஒரு துண்டில் வைத்துப் பிடித்து இரண்டு பக்கமும் இழுத்தால் தோல் இரண்டு தொப்பி மாதிரி கழன்றுவரும். எங்கள் ஆயாவுக்கு இந்தக் கோடெல்லாம் தேவைப்படவில்லை. கானாடுகாத்தான் வீட்டில் இரண்டாங்கட்டுப் படியில் உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீர் வைத்துக்கொண்டு, அதில் விரலை நனைத்து நனைத்து ஆவி பறக்கிற கிழங்கை உரிப்பார், கிழங்கை மட்டும் அந்தத் தண்ணீரில் போட விடமாட்டார். உரித்த கையோடு உள்ளங்கையில் வைத்து ஒரு அழுத்து, விரல் சந்து வழியாக மாவு பிதுங்கிக்கொண்டு வரும், நடுவில் சுண்டைக்காய் அளவுக்கு ஒன்றிரண்டு கட்டி நிற்கும். அந்தக் கட்டி இருக்க வேண்டும். கோசமல்லியை வாயில் போட்டதும் உருளைக்கிழங்கு என்று தெரிவது அந்தக் கட்டியால்தான்.

ஆறவிட்டு மசிக்காதீர்கள். ஆறினால் மாவுச்சத்து இறுகிவிடும், தோலும் ஒட்டிக்கொண்டு சதையையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். மிக்ஸியில் போடவே வேண்டாம், பிளேடு சுற்றுகிற வேகத்தில் மாவெல்லாம் உடைந்து கோந்து மாதிரி இழுக்க ஆரம்பித்துவிடும், அதை என்ன செய்தாலும் திரும்பச் சரிசெய்ய முடியாது. கை, இல்லாவிட்டால் பருப்பு மத்து, அவ்வளவு போதும்.

இன்னொன்று, கிழங்கு முழுதாக வெந்த பிறகுதான் புளித்தண்ணீர் படவேண்டும். அரைவேக்காட்டில் புளி சேர்ந்தால் பிறகு எவ்வளவு நேரம் கொதித்தாலும் கிழங்கு சரியாகக் குழையாது. தக்காளிக்கும் இதே கதைதான். பூரிக்கிழங்குக்குத் தக்காளி வதக்கி அதிலேயே பச்சைக் கிழங்கை நறுக்கிப் போட்டு வேகவைக்கிறவர்கள், கிழங்கு ஏன் வேகவே மாட்டேன் என்கிறது என்று கேட்பது இதனால்தான்.

கேள்வி: தோலோடு வேகவைக்கும்போது பச்சை படர்ந்த கிழங்காக இருந்தால் என்ன செய்வது? வெந்தால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்கிறார்.
— ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: சரியாகாது. வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சையாகும்போது சோலனைன் என்கிற நச்சுப்பொருளும் அதில் கூடுகிறது, தோலிலும் தோலுக்கு அடியிலும் முளையிலும்தான் அது அதிகம் இருக்கும், தண்ணீரில் கொதிக்கவைப்பதால் அது அழிவதில்லை. வாய் கசக்கும், அதிகமானால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். ஓரத்தில் லேசாகப் பச்சை இருந்தால் அந்த இடத்தைத் தாராளமாக வெட்டி எறியுங்கள், தோலையும் தடிமனாகச் சீவிவிடுங்கள். இப்படிப்பட்ட கிழங்குக்கு மட்டும் மேலே சொன்ன முறை வேண்டாம், முதலிலேயே சீவிவிட்டுத்தான் வேகப்போட வேண்டும். பாதிக்குமேல் பச்சையாக இருந்தாலோ, முளைவிட்டுச் சுருங்கியிருந்தாலோ, மசித்து ஒரு வாய் வைத்ததும் கசந்தாலோ காசு போனாலும் பரவாயில்லை, தூக்கிப் போட்டுவிடுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதில் யோசிக்கவே வேண்டாம்.

வாங்கும்போதே வெயிலில் குவித்து வைத்த கிழங்கையும், கண்ணாடி மாதிரி கவரில் போட்டுத் தொங்கவிட்ட கிழங்கையும் தவிர்த்துவிடுங்கள். வீட்டில் வெளிச்சம் படாத, காற்று வருகிற மூலையில் ஒரு கூடையில் போட்டு வைத்தால் போதும். ஃப்ரிட்ஜில் வைத்தால் மாவு சர்க்கரையாக மாறிக் கிழங்கு இனித்துக்கிடக்கும், வறுத்தால் உள்ளே வேகுமுன் வெளியே கருகும்.

கேள்வி: குட்டி உருளை ரோஸ்டுக்குமா தோல் உரிக்க வேண்டும்? ஒரு கிலோ உரிப்பதற்குள் இடுப்பு போய்விடுகிறது.
— ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: ரோஸ்டில் கிழங்கை மசிப்பதில்லை, அதனால் இங்கே உங்கள் இஷ்டம். புதுக்கிழங்கின் தோல் மெல்லிசு, கட்டைவிரலால் தேய்த்தாலே வந்துவிடுகிற அளவுக்கு இருந்தால் அப்படியே விடலாம், மசாலா பட்டு இலுப்பச்சட்டியில் முறுகும்போது தோலும் சேர்ந்து மொறுமொறுப்பாக நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஊட்டிக் கிழங்கென்றால் செம்மண் விடாது, பத்து நிமிஷம் தண்ணீரில் ஊறப்போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். தோலோடு செய்யும்போது வெந்த கிழங்கில் முள்கரண்டியால் மூன்று நாலு இடத்தில் குத்திவிட்டுத்தான் சோம்பு, பூண்டு, மிளகாய் அரைத்த விழுதில் புரட்ட வேண்டும், இல்லாவிட்டால் உப்பும் காரமும் தோலோடு நின்றுவிடும், உள்ளே வெறும் கிழங்காகத்தான் இருக்கும்.