கோயில் சுவர் அருகே பாறை அறுப்பு: எக்ஸ்கவேட்டர் ரம்பத்தை வாடகைக்கு எடுக்கலாமா?

கேள்வி: மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் அருகே, மூடப்பட்ட ரப்பர் தோட்டமொன்றின் பழைய ஸ்டோரில் (ரப்பர் பாலைப் பதப்படுத்திய கூடம்) வடிகால் வெட்டும் குத்தகையை எடுத்திருக்கிறேன். தரை 200 மில்லிமீட்டர் கனமுள்ள, கம்பி கட்டிய கான்கிரீட். அதன் கீழே பாறை. வடிகாலின் ஆழம் 600 மில்லிமீட்டர். அது மாரியம்மன் கோயில் சுவருக்கு அரை மீட்டர் முன்னால் முடிய வேண்டும். சுவர் விரிசல் விடும் என்பதால், பாறையை அடித்து உடைக்கும் பிரேக்கரே கூடாது என்கிறார் கோயில் தலைவர். என்னுடைய 20 டன் எக்ஸ்கவேட்டரில் மாட்டிக்கொள்ள 1,500 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டரம்பம் வாடகைக்குக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், ஆனால் பிரேக்கருக்கு வேலையே இருக்காது என்று நம்பி எடுக்காதீர்கள். ரம்பம் கல்லில் கோடு போடுமே தவிர, கல்லை வெளியே எடுத்துத் தராது. வடிகாலின் இரு விளிம்புகளிலும் நெடுக அறுத்து, இடையில் நிற்பதைக் குறுக்கே துண்டு போட்ட பிறகும், ஒவ்வொரு துண்டின் அடியும் தாய்ப்பாறையோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அதைப் பெயர்க்கச் சிறிய பிரேக்கரோ, துளையிட்டுப் பிளக்கும் ஹைட்ராலிக் ஆப்போ வேண்டும். நாலாபுறமும் விடுபட்ட துண்டு குறைந்த அடியிலேயே உடைந்துவிடும் என்பதும், அறுத்த இடைவெளி அந்த அதிர்வு தரை வழியே நேராகச் சுவருக்கு ஓடுவதைக் குறைக்கும் என்பதும்தான் இதில் உங்களுக்குள்ள ஆதாயம். கோயில் தலைவரிடமும் இதை முதலிலேயே விளக்கிவிடுங்கள்.

உங்கள் இயந்திரம் இந்த ரம்பத்தைத் தாங்குமா என்பதை அதன் எடையைவிட ஹைட்ராலிக் எண்ணெய் ஓட்டமே தீர்மானிக்கும். நிமிடத்திற்கு 150 லிட்டர் எண்ணெய் 200 பார் அழுத்தத்தில் ஓடினால் கிடைக்கும் ஆற்றல் 50 கிலோவாட். மோட்டாரில் ஏற்படும் இழப்பு போக மீதிதான் ரம்பத்திற்கு. பிரேக்கரை விட்டு விட்டு அடிப்போம், ரம்பமோ மணிக்கணக்கில் இடைவிடாமல் சுழலும். ஆகவே எண்ணெய்ச் சூட்டுமானியில் ஒரு கண் இருக்கட்டும். இதைவிட முக்கியமானது, மோட்டாரின் உள்ளே கசியும் எண்ணெயை அழுத்தமின்றி நேரே தொட்டிக்குத் திருப்பும் தனி மெல்லிய குழாய். பிரேக்கருக்கு மட்டும் குழாய் போட்ட இயந்திரங்கள் பலவற்றில் இது இருப்பதில்லை. அதை வழக்கமான திரும்பு குழாயோடு சேர்த்துக் கட்டிய ஒரு வேலையிடத்தில், முதல் நாள் மதியத்துக்குள் மோட்டாரின் அச்சு சீல் பிய்ந்து எண்ணெய் பீறிட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, கீழே இருப்பது எந்தக் கல் என்பது. உங்கள் பக்கத்துக் கிந்தா பள்ளத்தாக்கில் சுண்ணாம்புக் கல்லும் உண்டு, கருங்கல்லும் உண்டு. ரப்பர் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம் இன்னும் கிடைத்தால், கையுறை அணிந்து, புதிதாக உடைத்த கல்லில் ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், சும்மா இருந்தால் பெரும்பாலும் கருங்கல். (கான்கிரீட்டும் நுரைக்கும் என்பதால் அதன் பிசிறு ஒட்டாத கல்லாகப் பார்த்து எடுங்கள்.) மென்மையான சுண்ணாம்புக் கல்லுக்குக் கார்பைடு பல் வைத்த ரம்பச் சக்கரம் போதும், ஆனால் கம்பியில் பட்டால் அந்தப் பற்கள் உடைந்துவிடும். கம்பிக்கும் கருங்கல்லுக்கும் வைரப் பற்களே சரி. கல் கடினமாக இருந்தால் வைரத்தைப் பிடித்திருக்கும் உலோகக் கலவை மிருதுவாக இருக்க வேண்டும். அப்போதுதான் அது தேய்ந்து புது வைரம் வெளியே தெரியும். கருங்கல்லாக இருந்தால் நான் கருங்கல்லுக்கான சக்கரத்தையே எடுப்பேன். மேலே உள்ள கான்கிரீட்டில் அது சற்று வேகமாகத் தேயும். ஆனாலும் அந்தக் கான்கிரீட்டின் மணலே அதற்குச் சாணையும் பிடித்துவிடும். நிமிடத்திற்கு 400 சுற்று என்றால் 1,500 மில்லிமீட்டர் சக்கரத்தின் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 31 மீட்டர் ஓடும். கருங்கல்லுக்கு அது ஏற்ற வேகம்.

முதல் ஓட்டத்தில் 50 மில்லிமீட்டர் மட்டும் இறக்கி நேர்கோடு போட்டுவிட்டுப் பிறகு படிப்படியாக ஆழப்படுத்துங்கள். சக்கரம் கல்லுக்குள் இருக்கும்போது இயந்திரத்தின் மேல்பகுதியை ஒருபோதும் பக்கவாட்டில் திருப்பக் கூடாது. தட்டு வளைந்து பற்கள் தெறிக்கும், அவை எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. நம் பக்கத்து மண்ணில் இன்னோர் ஆபத்தும் உண்டு. மண்ணுக்குள் தனியாகப் புதைந்து கிடக்கும் கருங்கல் உருண்டையைத் தாய்ப்பாறை என்று நினைத்து அறுத்தால், பாதி வெட்டில் அது அசைந்து சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். எனவே தரையைப் பெயர்த்ததும் பாறையின் ஓரத்தைத் தோண்டிப் பார்த்துவிட்டு மேலே செல்லுங்கள்.

தண்ணீர் இல்லாமல் கருங்கல்லை அறுக்கவே வேண்டாம். அதன் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கினால் வரும் நோய்க்கு மருந்து கிடையாது. தண்ணீர் ஓடினாலும் அருகில் நிற்பவர்கள் தூசி வடிகட்டும் முகக்கவசம் அணியட்டும். கான்கிரீட் சேறு காரத்தன்மை உடையது; அதை ஓடையில் விடாமல் ஒரு குழியில் தேக்குங்கள். பழைய ஸ்டோர் என்பதால், தரைக்கடியில் மின்கம்பி இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே சோதித்துவிடுங்கள்.

கடைசி முனைக்கு வருவோம். 1,500 மில்லிமீட்டர் சக்கரம் 600 மில்லிமீட்டர் இறங்கும்போது, அதன் மையம் தரைக்கு மேல் 150 மில்லிமீட்டரில் நிற்கும். அந்த நிலையில் முழு ஆழம் கிடைக்கும் புள்ளியைத் தாண்டி, தரை மட்டத்தில் வெட்டு இன்னும் 735 மில்லிமீட்டர் முன்னால் நீண்டிருக்கும். உங்களுக்கு இருப்பதோ 500 மில்லிமீட்டர். முனைவரை முழு ஆழம் வேண்டுமென்று இறக்கினால் கோயில் சுவரையே அறுத்துவிடுவீர்கள். அதனால் சக்கரத்தின் முன்விளிம்பும் அதன் உறையும் சுவரை நெருங்குவதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள். எஞ்சிய ஒரு மீட்டருக்கும் குறைவான பகுதியில் கான்கிரீட்டைக் கையால் பிடிக்கும் வைரச் சங்கிலி ரம்பத்தாலும், பாறையை நெருக்கமாகத் துளையிட்டு ஆப்பாலும் முடியுங்கள். இதற்கு இரண்டு நாள் கூடுதலாகக் கணக்குப் போட்டே விலை சொல்லுங்கள்.

இயந்திரம் வந்து இறங்குவதற்கு முன், கோயில் தலைவரை உடன் வைத்துக்கொண்டு சுவரில் ஏற்கெனவே உள்ள விரிசல்களைத் தேதியோடு படம் பிடித்து, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு படியாக வைத்துக்கொள்ளுங்கள்.