லெஸ்டர் ஹேய்ஸ் கேன்டனுக்குப் போக வேண்டுமா? – கேள்வி பதில்

அமெரிக்கக் கால்பந்து அணியான ரைடர்ஸின் கார்னர்பேக் லெஸ்டர் ஹேய்ஸ் 1977 முதல் 1986 வரை பத்துப் பருவங்கள் ஆடினார். லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் இரண்டு வெற்றிகளில் பங்கு பெற்றார். ஓஹியோ மாநிலத்தின் கேன்டன் நகரில், சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் அவருக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. கிடைத்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வந்த கேள்விகளை வரிசைப்படி எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்கக் கால்பந்தின் பின்களத் தடுப்பாட்டம்தான் எனக்குத் தெரிந்த துறை. அதற்கு வெளியே போகும் கேள்விகளுக்கு நீண்ட பதிலை எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: ஐயா, நான் இந்த ஆட்டத்துக்குப் புதியவன். கார்னர்பேக்கின் வேலை என்ன? அவர் நன்றாக ஆடினார் என்பதை எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

பதில்: களத்தின் விளிம்பில் நின்று, பந்தைப் பிடிக்க ஓடும் எதிரணி ரிசீவரை மறித்துக் காவல் நிற்பவர் கார்னர்பேக். குவார்ட்டர்பேக் எறியும் பந்து அந்த ரிசீவர் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது முதல் வேலை. பந்தைத் தானே பறித்துக்கொண்டால் அது இன்டர்செப்ஷன்.

ஹேய்ஸ் ஆடிய விதத்துக்கு ரைடர்ஸ் அணியில் ஒரு பரம்பரையே உண்டு. ஆட்டம் தொடங்கிய நொடியிலேயே ரிசீவரை மார்பில் தள்ளி, அவர் ஓட நினைத்த பாதையைக் கெடுத்துவிட்டு, பிறகு தோளோடு தோளாக ஓடுவது. அதில் மன்னராக இருந்த வில்லி பிரவுன்தான் 1979-லிருந்து அந்த அணியின் பின்களப் பயிற்சியாளர். ஹேய்ஸ் ஏறக்குறைய தரையில் உட்கார்ந்துவிடுவது போலக் குனிந்து, ரிசீவரின் முகத்துக்கு நேரே நிற்பார். டெக்சாஸ் ஏ அண்ட் எம் கல்லூரியில் அவர் முன்வரிசைக்குப் பின்னால் நின்று மோதும் லைன்பேக்கராகவும், கடைசிக் காவலான சேஃப்டியாகவும் ஆடியவர். லீக்கின் வீரர் தேர்வில் ஐந்தாவது சுற்றில் அவரைத் தேர்ந்தெடுத்த ரைடர்ஸ்தான் கார்னருக்கு மாற்றியது. அந்த முரட்டுத் தோள்கள் எங்கிருந்து வந்தன என்பது இப்போது புரிந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை: இன்டர்செப்ஷன் எண்ணிக்கையை மட்டும் வைத்து எந்தக் கார்னர்பேக்கையும் எடைபோடாதீர்கள். நல்ல காவல்காரன் இருக்கும் தோப்புப் பக்கம் திருடன் வரமாட்டான். அதனால் பிடித்துக் கொடுத்த திருடர்களின் கணக்கும் அவன் பெயரில் குறைவாகவே இருக்கும்.

கேள்வி: மொத்தமே 39 இன்டர்செப்ஷன். இன்னொரு கார்னர்பேக் கென் ரைலிக்கு 65. எப்படி ஒப்பிடுவது?

பதில்: மேலே சொன்ன எச்சரிக்கையை மறுபடி படியுங்கள். ரைலி 65 முறை பந்தைப் பறித்தும் பருவத்தின் சிறந்த வீரர்களுக்கான புரோ பவுல் ஆட்டத்துக்கு ஒரு முறைகூட அழைக்கப்படவில்லை. 2020-ல் இறந்தார், 2023-ல்தான் கேன்டன் அவரை ஏற்றது. அதே 2023-ல் கார்னர்பேக் டாரல் ரெவிஸும் உள்ளே போனார். அவர் கணக்கு 29. தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே போனார். 29-க்குத் திறந்த கதவு 39-க்கு ஏன் மூடியிருக்கிறது என்று தேர்வாளர்களைக் கேளுங்கள்.

கேள்வி: ஸ்டிக்கம் பசையைத் தடவிக்கொண்டு ஆடியவரை எப்படி ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ப்பது? அது ஏமாற்று வேலை இல்லையா?

பதில்: இதை விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஹேய்ஸ் கை, முழங்கை, சட்டை என எல்லா இடத்திலும் பசையை அப்பிக்கொண்டு ஆடினார். உண்மை. பந்து அவர் உடம்பில் எங்கே பட்டாலும் ஒட்டிக்கொள்ளும் என்று எதிரணியினர் புலம்பினார்கள். அதுவும் உண்மை. 1981-ல் லீக் அந்தப் பசையைத் தடைசெய்தது; அந்த விதியை இன்றும் ஹேய்ஸ் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

ஆனால் 1980 வரை அதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. விதி இல்லாத காலத்தில் செய்ததை ஏமாற்று என்று எப்படிச் சொல்வீர்கள்? அவர் ஒளித்துச் செய்யவும் இல்லை. தொலைக்காட்சியில் ஊரே பார்த்தது. அந்தப் பழக்கத்தை அவருக்கு அறிமுகப்படுத்தியவர் அதே அணியின் ரிசீவர் ஃப்ரெட் பிலெட்னிகாஃப். அவரும் காலுறை வரை பசை பூசி ஆடியவர். பந்தைப் பிடிப்பதே அவர் தொழில். அவருக்கு 1988-ல் கேன்டனில் சிலை வைத்தார்கள். அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். இதில் என்ன நியாயம் இருக்கிறது?

கேள்வி: முந்தைய கேள்வியைக் கேட்டவன்தான் நான். நீங்கள் நழுவுகிறீர்கள். தடைக்கு முன் நான்கு பருவங்களில் 25 இன்டர்செப்ஷன். தடைக்குப் பின் ஆறு பருவங்களில் 14. இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்?

பதில்: கணக்கு சரி. அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவு தவறு.

1980-ஐ மட்டும் எடுத்துக்கொள்வோம். வழக்கமான பருவத்தில் 13, அதன் பின் நடக்கும் பிளே-ஆஃப் ஆட்டங்களில் மேலும் 5. ஒரே பருவத்தில் 14 என்ற சாதனை 1952-லிருந்து ‘நைட் ட்ரெயின்’ லேன் என்ற வீரரின் பெயரில் இருக்கிறது. ஹேய்ஸுக்குப் பிறகு இத்தனை ஆண்டுகளில் யாரும் 12-ஐக்கூடத் தொடவில்லை. அந்த ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதும் அவருக்குத்தான். இப்படி ஒரு பருவத்துக்குப் பிறகு எந்தக் குவார்ட்டர்பேக் அவர் பக்கம் பந்தை எறிவார்? 1981-ல் அவருக்கு மூன்றுதான் கிடைத்தது. பசை போனது ஒரு காரணம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பந்தே அந்தப் பக்கம் வருவது நின்றுபோனதை நீங்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை. 1982-ல் வேலைநிறுத்தத்தால் ஒன்பது ஆட்டங்கள்தான் நடந்தன என்பதையும் சேர்க்கவில்லை.

புரோ பவுல் பட்டியலைப் பாருங்கள். 1980 முதல் 1984 வரை தொடர்ந்து ஐந்து முறை ஹேய்ஸ் தேர்வானார். அவற்றில் நான்கு, பசை தடைசெய்யப்பட்ட பிறகு வந்தவை. அந்த நாட்களில் ரசிகர் வாக்கு கிடையாது. வீரர்களும் பயிற்சியாளர்களும்தான் வாக்களித்தார்கள். அதாவது அவரை எதிர்த்து ஆடியவர்களும், அவரைத் தவிர்க்கத் திட்டம் தீட்டியவர்களும். 1984-ல் அவர் பறித்தது ஒரே ஒரு பந்து. அப்படியிருந்தும் வாக்களித்தார்கள். களத்தில் நின்றவர்களுக்குத் தெரிந்தது, எண்களை மட்டும் பார்ப்பவருக்குத் தெரிவதில்லை.

கேள்வி: பிலெட்னிகாஃபை இழுக்காதீர்கள். ரிசீவருக்குப் பந்தைப் பிடிப்பதுதான் வேலை, பசை அவருக்குச் சிறு உதவி. கார்னர்பேக்குக்கு இன்டர்செப்ஷன் என்பதே கூடுதல் பரிசு. பசையால் கூடுதல் பரிசு வாங்கியதுதான் தவறு.

பதில்: இந்த வாதத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள், நண்பரே. பசை எதற்கு உதவும்? பந்து கையில் பட்ட பிறகு நழுவாமல் இருக்க. ரிசீவரின் வாழ்வே அந்த ஒரு நொடியில்தான் இருக்கிறது. அப்படியானால் பசையால் அதிகம் பயன் பெற்றவர் யார்? கார்னர்பேக்கோ அந்த நொடிக்கு முன்பே முக்கால் வேலையை முடித்திருக்க வேண்டும்: ரிசீவரைத் தள்ளி நிறுத்துவது, பாதையை ஊகிப்பது, இடுப்பைத் திருப்பி ஓடுவது, சரியான கணத்தில் தலையைத் திருப்புவது. இவற்றில் எதையும் பசை செய்து தராது.

இன்னொன்றும் சொல்கிறேன். ஜெர்ரி ரைஸ் தம் கையுறையில் ஸ்டிக்கம் தெளித்துக்கொண்டதாகத் தாமே சொன்னது 2015-ல் பெரிய செய்தியானது. அவர் ஆடத் தொடங்கியது 1985-ல், அதாவது தடை வந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு. 2010-ல் கேன்டனுக்குள் போனவரை யாரும் வெளியே அனுப்பச் சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன், வரலாற்றின் மிகச் சிறந்த ரிசீவர் அவர்தான். ஆனால் விதி இருந்தபோது பயன்படுத்தியவருக்கு மன்னிப்பும், விதி இல்லாதபோது பயன்படுத்தியவருக்குத் தண்டனையும் என்றால் அதை நான் ஏற்கமாட்டேன். இன்றைய ரிசீவர்கள் அணியும் கையுறைகளின் உள்ளங்கைப் பிடிமானத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். ஒற்றைக் கையால் பிடிக்கிறார்கள் என்று கைதட்டுகிறோமே, அதில் கையுறைக்கும் பங்கு உண்டு.

கேள்வி: ஹேய்ஸ் ஏற்கெனவே 1997-ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்துவிட்டார் என்று படித்தேனே?

பதில்: அது மைக் ஹெயின்ஸ். 1983 பருவத்தின் நடுவில் ரைடர்ஸுக்கு வந்து, ஹேய்ஸுக்கு எதிர் விளிம்பில் ஆடியவர். வேறு ஆள்.

கேள்வி: அந்த அணியில் ஜிம் பிளங்கெட் இருக்கிறாரே, இரண்டு சூப்பர் பவுல் வென்ற குவார்ட்டர்பேக். அவருக்கு எப்போது?

பதில்: குவார்ட்டர்பேக்குகளைப் பற்றி அறிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஐயா, பசை இல்லாவிட்டால் ஹேய்ஸ் சாதாரண வீரர்தானே?

பதில்: 1981 முதல் 1984 வரை நான்கு புரோ பவுல். மேலே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எவர்சன் வால்ஸ் இன்னும் வெளியில்தான் இருக்கிறார். 57 இன்டர்செப்ஷன், மூன்று பருவங்களில் லீக்கிலேயே முதலிடம். ஹேய்ஸுக்கு முன் அவர் போக வேண்டாமா?

பதில்: வரவேற்க வேண்டிய கேள்வி. வால்ஸை எந்த அணியும் தேர்வுச் சுற்றில் எடுக்கவில்லை. கிராம்பிளிங்கிலிருந்து டல்லாஸ் கௌபாய்ஸுக்கு வந்த முதல் ஆண்டு, 1981-லேயே, 11 பந்துகளைப் பறித்தார். 1982-ன் ஒன்பது ஆட்டங்களில் ஏழு, 1985-ல் ஒன்பது. 1990 பருவத்தில் ஜயன்ட்ஸ் அணியோடு சூப்பர் பவுலும் வென்றார். அவருக்கு நேர்ந்த அநியாயம், ஒரு புகைப்படம். 1982 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவின் டுவைட் கிளார்க் எம்பிப் பிடித்த பந்து, அருகில் கை எட்டாத வால்ஸ். அந்த ஆட்டத்தில் வால்ஸ் இரண்டு பந்துகளைப் பறித்திருந்தார் என்பது யாருக்கும் நினைவில்லை.

ஒருவருக்கு ஒருவர் காவல் என்றால் ஹேய்ஸ். பந்து காற்றில் இருக்கும்போது அதைப் படிக்கும் கண் என்றால் வால்ஸ். இருவருக்கும் வாக்களிப்பேன், ஒரே ஒரு சீட்டுதான் என்றால் ஹேய்ஸுக்கு.

கேள்வி: பத்துப் பருவங்கள்தானே ஆடினார்? அது குறைவில்லையா?

பதில்: ஹேய்ஸுக்கு எதிரான வாதங்களில் நான் மதிப்பது இது ஒன்றைத்தான். அவருடைய உச்சம் ஐந்து ஆண்டுகள். 1985-லும் 1986-லும் பழைய வேகம் இல்லை. ஆனால் கேல் சேயர்ஸும் டெரல் டேவிஸும் இதைவிடக் குறைந்த காலம் ஆடி உள்ளே போனவர்கள். மேலும், 1980-களின் சிறந்த அணி என்று ஒரு பட்டியல் உண்டு. அதை அமைத்தவர்கள் ஹால் ஆஃப் ஃபேமின் தேர்வாளர்களே. கார்னர்பேக்குகளாக அவர்கள் குறித்த நால்வர்: மெல் பிளவுண்ட், மைக் ஹெயின்ஸ், ஃப்ராங்க் மினிஃபீல்ட், லெஸ்டர் ஹேய்ஸ். பத்தாண்டின் நால்வரில் ஒருவர் என்று சொன்னவர்கள், அதற்கு உரிய மரியாதையைச் செய்ய வேண்டும்.

கேள்வி: இனி அவருக்கு வழி இருக்கிறதா? தேர்வு எப்படி நடக்கிறது?

பதில்: ஓய்வு பெற்று ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகுதான் ஒருவர் பெயர் வரலாம். கடைசியாக ஆடி 25 ஆண்டுகள் கடந்துவிட்டால் மூத்தோர் பிரிவு. ஹேய்ஸ் இப்போது அங்கேதான். வழக்கமான பட்டியலில் இருந்த காலத்தில் பலமுறை இறுதிச் சுற்றுவரை வந்து திரும்பியவர் அவர்.

2025-லிருந்து விதியை இன்னும் இறுக்கிவிட்டார்கள். மூத்த வீரர்கள் மூவர், ஒரு பயிற்சியாளர், நிர்வாகப் பங்களிப்பாளர் ஒருவர் என ஐந்து பேரை ஒரே கூடையில் போட்டு, தேர்வாளர் ஒவ்வொருவரும் மூன்று பேருக்கு மட்டும் வாக்களிக்க வேண்டும்; 80 சதவீதம் பெறுபவர்தான் உள்ளே. அந்த ஆண்டு ஐவரில் ஸ்டெர்லிங் ஷார்ப் ஒருவர்தான் தேறினார். எல்லாப் பிரிவுகளையும் சேர்த்து மொத்தம் நால்வர். பயிற்சியாளரையும் முதியவர்களையும் ஒருவரோடு ஒருவர் மோதவிடும் இந்த முறை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. வயதானவர்களுக்குக் காலம் காத்திருக்காது. கென் ஸ்டேப்லர் 2015-ல் இறந்தார், 2016-ல் கௌரவித்தார்கள். கிளிஃப் பிராஞ்ச் 2019-ல் இறந்தார், 2022-ல். இருவரும் ரைடர்ஸ் வீரர்கள். ஹேய்ஸ் உயிரோடு இருக்கும்போதே அந்த மேடையில் ஏற வேண்டும்.

கேள்வி: ஸ்டிக்கம் பற்றி உங்கள் கருத்து என்ன?

பதில்: மூன்று முறை எழுதிவிட்டேன். இது பற்றிய கேள்விகளை இனி எடுக்கமாட்டேன்.

கேள்வி: டியோன் சாண்டர்ஸைவிட ஹேய்ஸ் சிறந்தவரா?

பதில்: இல்லை.

கேள்வி: 39-ல் எத்தனை டச்டவுன்? எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால்...

பதில்: எண்ணிக்கையை வைத்துப் பார்க்காதீர்கள்.

கேள்வி: ஹேய்ஸ் ஆடிய ஆட்டம் ஒன்றைப் பார்க்க விரும்புகிறேன். எதைப் பார்க்கலாம்?

பதில்: 1984 ஜனவரி 22 அன்று வாஷிங்டனுக்கு எதிராக நடந்த பதினெட்டாவது சூப்பர் பவுல். வாஷிங்டன் அந்தப் பருவத்தில் 541 புள்ளிகள் குவித்து லீக் சாதனை படைத்திருந்தது. ரைடர்ஸ் 38–9 என்று வென்றது. எல்லோரும் மார்கஸ் ஆலனின் 74 கெஜ ஓட்டத்தையே பேசுவார்கள். நீங்கள் இரண்டு விளிம்புகளையும் பாருங்கள். ஒரு பக்கம் ஹேய்ஸ், மறுபக்கம் ஹெயின்ஸ். பந்தைப் பின்தொடராமல், ஆட்டம் தொடங்கும் நொடியில் ரிசீவருக்கு என்ன ஆகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். வாஷிங்டன் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மன் 35 முறை எறிந்ததில் 16 மட்டுமே சேர்ந்தன. பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போன ஆர்ட் மாங்க் அன்று மொத்தமாகப் பிடித்தது ஒரே ஒரு பந்து, 26 கெஜம். ஹேய்ஸ் பெயரில் அன்று இன்டர்செப்ஷன் எதுவும் பதிவாகவில்லை.